பொறுக்கியெடுத்த முந்திரி

ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லித் தீர்த்த ஒரு தவற்றை அச்சிலும் ஏற்றவேண்டுமா என்று நெடுநாள் தயங்கினேன். சென்ற மாதம் எங்கள் மறைக்கல்வி மாணவர்களின் ஆண்டுவிழா விருந்தில் கண்ட ஒரு காட்சி அத்தயக்கத்தைப் போக்கிற்று. ஓர் அன்னை தம் மகளின் தட்டிலிருந்து முட்டையை விலக்கி வைத்தார். அருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "ஒருவாய் தின்றால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, அம்மா" என்று கூறி, அதைத் திரும்பவும் தட்டில் வைத்தார். அவருடைய குரலில் நான் என் குரலையே கேட்டேன். எழுந்து சென்று அந்தத் தட்டை நானே எடுத்து அப்பால் வைத்தேன். பெரியவர் என்மீது சற்று வருத்தம் கொண்டார். அவருக்கு அன்று சொல்ல இயலாததை இங்கு எழுதுகிறேன்.

2018-ஆம் ஆண்டில் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு சிறு பங்கில் பணியாற்றி வந்தேன். ரப்பர்த் தோட்டங்களும் முந்திரி ஆலைகளும் நிறைந்த பகுதி அது. அங்கு முந்திரிப்பருப்பை அண்டிப்பருப்பு என்பர். ஆலையை அண்டி ஆபீஸ் என்பர். காலைத் திருப்பலி முடிந்ததும் தூக்குச் சட்டியில் சோற்றுடன் அண்டி ஆபீசுக்கு விரையும் பெண்களைக் கோவில் முற்றத்தில் நாள்தோறும் காணலாம். ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த அவர்களுடைய விரல்களை நற்கருணை வழங்கும்போதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பீடச்சிறுவர் பன்னிருவர். திருவிழாவின் பத்து நாள்களும் அவர்கள் ஓய்வின்றி உழைத்தனர். கொடியிறக்கம் முடிந்தபின் அவர்களுக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்க விரும்பி, "எங்கே போகலாம்?" என்று கேட்டேன். "பாஸ்ட் புட், சாமி!" என்றனர் ஒரே குரலில். என் குழந்தைப் பருவத்தில் திருவிழா என்றால் பேரீச்சம்பழமும் கருப்புக்கட்டி மிட்டாயும்தாம். காலம் மாறியிருப்பதை ஏற்றுக்கொண்டு, நெடுஞ்சாலைச் சந்திப்பில் இருந்த ஒரு துரித உணவகத்திற்கு அவர்களை அழைத்துச் சென்றேன்.

கடையின் முகப்பிலேயே பேரோசையுடன் எரியும் அடுப்பு. அதன்மேல் ஒரு பெரிய இரும்புச் சட்டி. சமையற்காரர் சோற்றைத் தூக்கியெறிந்து பிடிப்பதும், சட்டிக்குள் தீ எழுந்து அடங்குவதும் சிறுவர்களுக்குத் திருவிழா வாணவேடிக்கையின் தொடர்ச்சியாகவே இருந்தன. ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன் என ஒவ்வொன்றாக வந்தன. எல்லாரும் பகிர்ந்துண்ண, செக்கச்செவேலென்ற டிராகன் சிக்கன் இரண்டு தட்டுகள் சொன்னேன். அதன்மேல் பொரித்த முந்திரிப்பருப்பைத் தூவியிருந்தனர்.

பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் என்னருகில் வந்து, மற்றவர் கேளாத குரலில், "சாமி, எனக்கு அண்டிப்பருப்பு ஆகாது" என்றான்.

நான் சிரித்தேன். அவனுடைய தாயே அண்டி ஆபீசில் வேலை செய்பவர். மீனவன் மகனுக்கு மீன் ஆகாது என்பதுபோல் அது எனக்குத் தோன்றியது. "அவ்வளவுதானே!" என்று சொல்லி, அவன் பங்கிலிருந்த பருப்புகளைக் கரண்டியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் போட்டுக்கொண்டேன். ஏழோ எட்டோ இருந்தன. "எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இனி ஒன்றும் ஆகாது, சாப்பிடு" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், பிறகு சாப்பிட்டான்.

ஐந்து நிமிடம் சென்றிருக்கும். கழுத்தைச் சொறியத் தொடங்கினான். உதடு தடித்தது. "தொண்டையில் என்னமோ இருக்கு, சாமி" என்று கனைத்துக்கொண்டே இருந்தான். காரம் மிகுதியாலோ என்றெண்ணி, சோடா வாங்கிக் கொடுத்தேன். அவனோ அதை வாந்தியெடுத்தான். கைகளிலும் வயிற்றிலும் காணாக்கடிபோலத் தடிப்புகள் எழுந்தன. குரல் கம்மிற்று. அப்போதுதான் அவனுடைய நண்பன், "இவனுக்கு மூணாம் கிளாசில இப்படி வந்து ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தான், சாமி" என்றான். ஆட்டோ நிற்கும் இடம் நூறடி தொலைவில் இருந்தது. அவனைக் கைபிடித்து நடத்தியே அழைத்துச் சென்றேன். பாதி வழியில் துவண்டு என்மேல் சாய்ந்தான். அங்கியெல்லாம் வாந்தியாக, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவ்வளவு நீண்ட நூறடியை நான் அதற்கு முன்னும் பின்னும் கடந்ததில்லை.

மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். "என்ன சாப்பிட்டான்?" என்றார். "முந்திரி சேர்ந்த உணவு. ஆனால் முந்திரியைப் பொறுக்கியெடுத்துவிட்டேன்" என்றேன், ஏதோ நற்செயல் புரிந்தவன்போல. அவர் விடை கூறாமல் சிறுவனைப் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, தொடையின் வெளிப்புறத்தில் ஓர் ஊசி போட்டார். அது அட்ரினலின். சிறிது நேரத்தில் இரண்டாம் முறையும் போட்டார். மூச்சு மெல்ல மெல்லச் சீரடைந்தது. முகத்தில் நிறம் திரும்பியது. அதன் பின்னரே என் பக்கம் திரும்பி, "குழம்பிலிருந்து கறிவேப்பிலையை எடுத்து எறிந்துவிட்டால் மணமும் போய்விடுமா, ஃபாதர்?" என்றார்.

செய்தி கேட்டுத் தாய் ஓடி வந்தார். வேலைக்குச் சென்ற உடையோடு வந்திருந்ததால் மகனைத் தொடாமல் கட்டிலுக்கு எட்டவே நின்றுகொண்டார். அதன் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. "அம்மா, அவன் என்னிடம் சொன்னான். நான்தான் கேட்கவில்லை" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "வீட்டுல நான் சொன்னா எதுத்துப் பேசுவான். நீங்க சொன்னா தின்னாம இருப்பானா, சாமி?" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தச் சொல்லைத்தான் தாங்க இயலவில்லை. அச்சிறுவனுக்குத் தன் உடல் தெரியும்; ஆபத்து தெரியும்; அதைச் சொல்லவும் தெரிந்திருந்தது. பதினொரு வயதில் செய்யவேண்டிய அனைத்தையும் அவன் செய்துவிட்டான். அவனுடைய அறிவை வென்றது என் அங்கியின்மீது அவன் வைத்திருந்த மதிப்பு. எங்களுக்குக் குருமடத்தில் தத்துவமும் இறையியலுமாக ஆண்டுக்கணக்கில் கற்றுத் தந்தனர். நமக்குத் தெரியாத ஒன்றில் ஒரு குழந்தையின் சொல்லை நம்புவதற்கு எந்தப் பாடத்திலும் நான் பயிற்சி பெற்றிருக்கவில்லை.

இரவு முழுவதும் சிறுவனை அங்கேயே வைத்திருந்தனர். இவ்வகைத் தாக்கம் தணிந்தபின் சில மணி நேரம் கழித்து, உணவைத் தொடாமலேயே மீண்டும் எழக்கூடுமாம். "சரியாகிவிட்டான்" என்று உடனே வீட்டுக்கு அழைத்துச் செல்வது தவறு என்பதை அன்று அறிந்தேன். விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பணி ஓய்ந்த வேளையில் அந்த மருத்துவர் விளக்கிச் சொன்னவற்றையும், பின்னர் நானே தேடிப் படித்தவற்றையும் நம் குடும்பங்களுக்கு வேண்டிய அளவில் கூறுகிறேன்.

நோய்க்கிருமியை எதிர்க்கும் நம் உடலின் காவற்படை, சிலரிடத்தில் ஓர் உணவின் புரதத்தைப் பகையென்று பிழைபடக் கருதிவிடுகிறது. மறுமுறை அப்புரதம் கடுகளவு உட்சென்றாலும், ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் உடலெங்கும் பாய்ந்து தோலைத் தடிக்கச் செய்கின்றன, மூச்சுக்குழலைச் சுருக்குகின்றன, இரத்த அழுத்தத்தை வீழ்த்துகின்றன. 1902-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்களான சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே இருவரும் கடற்சாமந்தி எனும் கடல் உயிரியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தனர். முதன்முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்களுக்குப் பின் மிகச் சிறிய அளவு செலுத்தப்பட்டபோது மாண்டது. அந்நிலைக்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயரிட்டனர். ரிஷே 1913-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அலர்ஜி என்ற சொல்லை 1906-ஆம் ஆண்டில் படைத்தவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. அவர் மருத்துவம் பயிலுமுன் இறையியல் பயின்றவர் என்று படித்தபோது, எங்களில் ஒருவராவது இதில் உருப்படியாகச் சிந்தித்தாரே என்று சற்று ஆறுதல் கொண்டேன்.

"சென்ற முறை அரிப்பு மட்டுமே வந்தது, ஆகவே இம்முறையும் அவ்வளவுதான் வரும்" என்று கணக்கிட முடியாது. தோலில் தடிப்பு மட்டும் இருப்பது ஒரு நிலை. அதனோடு குரல் கம்முதல், விடாத இருமல், மூச்சில் விசில் ஒலி, தொடர்ந்த வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றுள் எதுவேனும் சேர்ந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. தடிப்பே இல்லாமலும் அது வருவதுண்டு. அப்போது கண்ணேறு கழிப்பதற்கும், வெற்றிலையும் மிளகும் மெல்லக் கொடுப்பதற்கும், நான் செய்ததுபோல் சோடா வாங்குவதற்கும் நேரமில்லை. அரிப்புக்குத் தரும் மாத்திரை தடிப்பைத் தணிக்கும். அடைபடும் மூச்சைத் திறக்காது. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசியே. 108-ஐ அழைக்கவேண்டும். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தவேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். எழுப்பி நிறுத்துவதும் நடத்திச் செல்வதும் கூடாது, ஏனெனில் அழுத்தம் வீழ்ந்திருக்கும் உடல் எழுந்து நிற்கையில் இதயத்திற்குக் குருதி திரும்பாமற் போகலாம். அந்த நூறடியை நினைத்தால் இன்றும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

மேலை நாடுகளில் இத்தகையோர் பேனா வடிவிலான அட்ரினலின் ஊசியைச் சட்டைப்பையில் வைத்திருப்பர். நம் ஊர் மருந்துக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. எனவே மருத்துவர், அச்சிறுவனின் எடைக்கேற்ற அளவைக் குறித்துக் கொடுத்து, மருந்துக் குப்பியையும் ஊசியையும் கையாளத் தாய்க்குக் கற்பித்தார்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். மாலை ஆறு மணி. அண்டி ஆபீசிலிருந்து திரும்பிய அந்தத் தாய் வீட்டுக்குள் நுழையவில்லை. புறவாசலிலிருந்த மறைப்பில் குளித்து, வேறு சேலை உடுத்தி, வேலைச்சேலையைத் தனி வாளியில் நனைத்து வைத்த பின்னரே உள்ளே வந்து மகனின் தலையைத் தடவினார். மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் இப்படித்தானாம். மருத்துவமனையில் அவர் கட்டிலுக்கு எட்டவே நின்றதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. எந்தப் பருப்பு மகனுக்கு நஞ்சோ அந்தப் பருப்பிலிருந்துதான் அவனுக்குச் சோறும் பள்ளிக் கட்டணமும் வருகின்றன.

அவரிடம் கற்றது மருத்துவரிடம் கற்றதைவிடக் குறைவன்று. "கடையில போய், அண்டிப்பருப்பு இருக்கான்னு கேக்கப்படாது, சாமி. இல்லைன்னுதான் சொல்லுவாங்க. என்னென்ன போடுறீங்கன்னு கேக்கணும்" என்றார். கல்லாவில் இருப்பவரைக் கேட்டுப் பயனில்லை. சட்டியைப் பிடித்திருப்பவரைக் கேட்கவேண்டும். கூட்டம் கூடும் எட்டு மணிக்குக் கேட்டால் அவர் தலையை மட்டும் ஆட்டுவார். ஆறு மணிக்குப் போனால் நின்று பதில் சொல்வார். கடைசிக் கேள்வி எப்போதும், "சட்டியும் கரண்டியும் எண்ணெயும் தனியா?" என்பதே. அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, பயமே கற்பித்தது.

பிறகு நானே சில கடைகளின் அடுப்பருகே நின்று கவனித்தேன். முன்பு வேடிக்கையாகக் கண்டது இப்போது வேறு விதமாகத் தெரிந்தது. முட்டை உடைத்து ஊற்றிய அதே சட்டியில், நீர் ஊற்றி ஒரு தேய்ப்புத் தேய்த்ததும், "முட்டை இல்லாத" நூடுல்ஸ் புரள்கிறது. இறாலைப் பொரித்த எண்ணெயிலேயே காலிஃபிளவரும் பொரிகிறது. சோயா சாற்றில் சோயா மட்டுமன்று, பெரும்பாலும் கோதுமையும் உண்டு. கிரேவி கெட்டியாக இருக்க முந்திரியை அரைத்து ஊற்றுகின்றனர். அதைப் பொறுக்கியெடுக்க எந்தக் கரண்டியாலும் முடியாது. தேங்காய்ச் சட்னி என்று பரிமாறப்படுவதில் வேர்க்கடலை கலந்திருப்பதுண்டு. மயோனைசில் முட்டையும், பர்கர் ரொட்டியின் மேல் எள்ளும், ரொட்டிக்குள் பாலும் இருக்கலாம். வேர்க்கடலை ஆகாதவர்க்கு நன்கு சுத்திகரித்த கடலெண்ணெய் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை, அதிலிருந்து புரதம் நீங்கியிருப்பதால். நாம் உயர்வாகக் கருதும் செக்கெண்ணெயிலோ புரதம் எஞ்சியிருக்கும். முந்திரி ஆகாதவர்க்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஐஸ்கிரீமிலும் கண் வேண்டும். கைப்பேசி வழியே வரவழைக்கும் உணவுக்குக் குறிப்பு எழுதி அனுப்பினால் போதும் என்று நம்புவோர் உளர். அக்குறிப்பு சமையற்காரரின் கண்ணுக்கு எட்டியதா என்பதைக் கடைக்குப் பேசியே உறுதி செய்யவேண்டும்.

பெரிய தொடர் உணவகங்களில் ஒரு வசதி உண்டு. எல்லாக் கிளைகளிலும் ஒரே செய்முறை என்பதால், எதில் எது சேர்கிறது என்பதை அச்சிட்டு வைக்க அவர்களால் முடியும். 2020-ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பெயர்ச்சீட்டு விதிகள், பொட்டல உணவில் பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, வேர்க்கடலை, பருப்புக் கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் முதலியவற்றைக் குறிப்பிட வேண்டும் என்கின்றன. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்களும் இத்தகவலைத் தரக் கடமைப்பட்டவை. ஆகவே கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஆயினும் அச்சிட்ட தாளும் பொரிக்கும் எண்ணெயைப் பற்றிப் பேசாதிருக்கலாம். அதை வாய் திறந்துதான் கேட்கவேண்டும்.

அச்சிட்ட சீட்டு இல்லாமையால் நேர்ந்தது என்னவென்று இங்கிலாந்து நாட்டினர் பெருந்துயரத்தின் வழியே கற்றனர். 2016-ஆம் ஆண்டு ஜூலையில் நடாஷா எட்னன்-லபரூஸ் எனும் பதினைந்து வயதுப் பெண், தந்தையோடும் தோழியோடும் பிரான்சுக்குப் புறப்பட்டாள். இலண்டன் விமான நிலையக் கடையொன்றில் ரொட்டி வாங்கினாள். எள் ஆகாதவள். மேலுறையில் எள் என்ற சொல் இல்லை. எள்ளோ மாவோடு சேர்த்துப் பிசையப்பட்டிருந்தது. கடையிலேயே செய்து உறையிடும் உணவுக்கு முழுப் பட்டியல் வேண்டியதில்லை என்று அன்றைய விதி இருந்தது. விமானத்தில் தந்தை இரண்டு ஊசிகள் போட்டும் பயனின்றி அன்றே அவள் இறந்தாள். அவளுடைய பெற்றோரின் விடாமுயற்சியால் விதி மாறி, 2021-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அத்தகைய உணவுக்கும் முழுப் பட்டியல் கட்டாயமாயிற்று. அச்சட்டத்தை அவள் பெயராலேயே அழைக்கின்றனர். நடாஷாவும் அவள் தந்தையும் கவனமற்றவர்கள் அல்லர். வாங்குமுன் இருவருமே அச்சீட்டைப் படித்துப் பார்த்தவர்கள்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புசம் கொள்வது பெரும்பாலும் செரிமானக் குறை. துன்பம் தரும், உயிரைப் பறிக்காது. கோதுமையின் குளூட்டனால் குடல் புண்படும் சீலியாக் நோயும் வேறொன்று. அதற்காகவே, குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை நற்கருணைக்குப் பயன்படுத்தலாம் என்று 2003-ஆம் ஆண்டில் உரோமை விளக்கியது. 2017-ஆம் ஆண்டிலும் அதை நினைவூட்டியது. அதுவும் ஆகாதவர் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம். உங்கள் பிள்ளைக்கு இந்நோய் இருந்தால் பங்குத்தந்தையிடம் தயங்காமல் கூறுங்கள். பலர் கூறாமல் ஒதுங்கியே நிற்கின்றனர்.

2018-க்குப் பின் நான் பணியாற்றும் பங்குகளில், புதுநன்மைக்கும் சுற்றுலாவுக்கும் பெயர் எழுதும் தாளில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டேன்: "எந்த உணவு ஆகாது?" முதல் ஆண்டு சிலர் "பாகற்காய்" என்று எழுதி விளையாடினர். ஆனால் ஒரு தந்தை, "இறால். இரண்டு முறை மூச்சு நின்றது. சொன்னால் யாரும் நம்புவதில்லை" என்று எழுதியிருந்தார். அவரை அன்று மாலையே சென்று கண்டேன்.

2025-ஆம் ஆண்டு திருவிழாவுக்கு அப்பழைய பங்குக்கு அழைக்கப்பட்டிருந்தேன். அச்சிறுவன் இப்போது கல்லூரி மாணவன், என்னைவிட உயரம். தோள்பையில் ஊசிமருந்தும் மருத்துவர் எழுதிய சீட்டும் இருந்தன. நவநாள் முடிந்தபின், "வாங்க சாமி, இன்னைக்கு நான் வாங்கித் தாறேன்" என்றான். அதே சந்திப்புக்குத்தான் சென்றோம். கடையின் பெயர் மாறியிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவன் நேரே அடுப்பருகே சென்று, "அண்ணே, இதுல என்னென்ன போடுவீங்க?" என்று தொடங்கினான். சட்டி, கரண்டி, எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பின்னால் நின்ற இருவர் முணுமுணுத்தனர். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சமையற்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். "தம்பி, எங்கிட்ட இருக்கது ஒரே சட்டிதான். இப்பதான் டிராகன் சிக்கன் இறக்கினேன். கழுவினாலும் எனக்கு நம்பிக்கை இல்ல. நீங்க இங்க சாப்பிட வேண்டாம்" என்றார்.

"ரொம்ப நன்றி, அண்ணே" என்று அவன் அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினான். அடுத்த கடையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தின் திண்ணையில் அமர்ந்து இருவரும் தின்றோம்.